தவளையைப் பாதிக் கதையில் நிறுத்திவிட்ட மகனுக்கு

முதலில் வீட்டுப் பிள்ளைகளின் சேதியைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் என் பேனா நகராது. உன் அக்காவின் மூத்தவன் பாலிடெக்னிக்கில் சேர்ந்துவிட்டான். மின்சார சாமான்களைப் பிரித்து மாட்டும் படிப்பாம். போன வாரம் நம் ஸ்டாண்ட் பேனைப் பிரித்தான், மாட்டினான், திருகாணி மிச்சம் வந்தது, ஆனாலும் முன்னைவிட நன்றாகச் சுற்றுகிறது. அடுத்தவள் தமிழ்ப்பள்ளிகளுக்கான கதை சொல்லும் போட்டியில் மாநிலத்தில் முதலாவதாக வந்தாள். கோப்பை அவள் இடுப்பு உயரம். அதை நான்தான் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்த மலாய்க்கார அம்மா, யாருடைய கோப்பை என்று கேட்டார். கேட்டது அவர் தப்பு. இறங்கும் வரை அவருக்கு நம் குடும்பத்துச் சேதி முழுவதும் கிடைத்தது. கடைக்குட்டி பாலர் பள்ளியில் அழுவதை நிறுத்திவிட்டான். சிரிக்காதே, அதுவும் வெற்றிதான். போன மாதம் வரை டீச்சரின் சேலையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தவன் இப்போது அழுகிற பிள்ளைகளுக்குச் சமாதானம் சொல்கிறானாம்.

இவற்றையெல்லாம் நம் லோபாக் குடியிருப்பு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. காய்கறிக் கடைக்காரர் என்னைக் கண்டதும் இப்போது அவராகவே, "பேத்தி அடுத்து எங்க போறா?" என்று கேட்கிறார். ஆனால் நம் குடும்பத்தின் பெரிய வெற்றி ஒன்று என் தொண்டையிலேயே சிக்கிக்கொண்டு கிடக்கிறது. என் மகன் கதைப் புத்தகம் எழுதி, அச்சடித்து, இரண்டு புத்தகம் வெளியே வந்து, சிரம்பானில் கடையில் வைத்து விற்கிறார்கள். அதை யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று மாரியம்மன் மேல் என்னைச் சத்தியம் செய்ய வைத்துவிட்டாய். தோட்டத்துப் பள்ளியில் அஞ்சாவதோடு நின்றவள் நான். அப்படிப்பட்டவளுக்கு இப்படி ஒரு மகன் பிறந்து, அதைச் சொல்லக்கூடாது என்றால், சாப்பிட்டது செரிக்குமா? சொல். புத்தகத்தின் மேல் உன் பெயருக்குப் பதிலாக, அப்பாவைப் பெற்ற அப்பாயி பெயரைப் போட்டுக்கொண்டாய். பொன்னாயி. அவர்கள் கையெழுத்துப் போடத் தெரியாமலே போய்ச் சேர்ந்தவர்கள். மேலே இருந்து பார்த்தால் திகைத்துப் போயிருப்பார்கள்.

போனில் பேசாமல் இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. போனில் நான் இரண்டு வாக்கியம் சொல்வதற்குள், "சரிம்மா, ஷிப்ட் ஆரம்பிச்சிருச்சு" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. வைத்தாலும் அது அங்கேயே கிடந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். இன்னொரு காரணமும் இருக்கிறது. இங்கே ஒரு காரியம் கெட்டுப்போகப் பார்க்கிறது. அதை வரிசையாகச் சொன்னால்தான் உனக்குப் புரியும்.

நீ மூன்றாவது கதையை ஒவ்வொரு அதிகாரமாகப் பெரிய எழுத்தில் அச்செடுத்து எனக்கு அனுப்பிக்கொண்டிருந்தாய் அல்லவா, தோட்டத்து விவரம் சரியாக இருக்கிறதா பார் என்று. நான் பார்த்தது கொஞ்சம், சிரித்தது அதிகம். தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தால் பைத்தியம் என்பார்கள் என்று கீழ்மாடி மாரியாயி அக்காளையும் எதிர்வீட்டு தெரேசா அக்காளையும் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். முதல் இரண்டு புத்தகத்தையும் அப்படித்தான் முடித்திருந்தோம். விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள் நான். ஒரு பக்கத்துக்கு ஒரு டம்ளர் டீ ஆகும். அவர்கள் இருவரும் பால்மரம் வெட்டிய காலத்திலிருந்தே என் கூட்டு. நூறு வருஷம் தூங்குகிற ராஜகுமாரியின் கதையை அவர்கள் கேட்டதே இல்லை. அதனால் போன புத்தகத்தில் நீ எழுதியதை நடந்த கதை என்றே எடுத்துக்கொண்டார்கள். கணக்கெழுதும் கிராணியின் மகள் விரலில் பால் வெட்டும் உளி குத்தித் தூங்கிப்போகிறாள், அவளோடு தோட்டமே தூங்குகிறது, காலைப் பெரட்டுக்கு ஆள் வரவில்லை, பேர் கூப்பிட வேண்டிய மண்டோர் நின்ற இடத்திலேயே வாயைத் திறந்தபடி தூங்குகிறார், லாலாங் புல் அவர் கால்சட்டைக்குள் முளைக்கிறது. இதைப் படித்தபோது மாரியாயி அக்காள், "எந்த மண்டோருன்னு எனக்குத் தெரியும். நல்லா வேணும் அந்தாளுக்கு" என்றார்.

அந்தக் கதை வேறு தேசத்தில் பிறந்தது என்றும், அங்கே ராஜகுமாரன் வந்து முத்தம் கொடுத்து எழுப்புவான் என்றும் நீ என்னிடம் சொல்லியிருந்தாயே, அதை அவர்களுக்குச் சொன்னேன். தெரேசா அக்காள் சிலுவை போட்டுக்கொண்டார். "தூங்குற புள்ளகிட்ட கேக்காம கொள்ளாம முத்தமா? அந்த ஊருல அப்பன் ஆத்தா இல்லியா?" என்றார். நீ எழுதியதுதான் சரி என்று ஏகமனதாகத் தீர்மானமானது. உன் மாட்டுவண்டிக்காரன் சங்கு ஊதிப் பார்த்து, மூக்குப்பொடி தூவிப் பார்த்து, கடைசியில் பசி தாங்காமல் அவள் வீட்டு அடுப்பிலேயே கருவாடு வறுக்கிறான், அந்த வாசத்துக்கு அவள் எழுந்து, "யாரு அடுப்ப இப்படித் தீய விடறது?" என்று திட்டுகிறாள். எனக்கு அந்த இடத்தில் ஒரு சந்தேகம். நூறு வருஷம் தூங்கியவளுக்குக் காது கேட்கவில்லை, மூக்கு மட்டும் எப்படி விழித்திருந்தது? நீ யோசித்து எழுதினாயா, இல்லை தானாக வந்ததா? ஒரு பெண் விழித்ததும் முதலில் சமையலைத்தான் பார்ப்பாள் என்று உனக்கு யார் சொன்னது? ஜோகூரில் ராத்திரி ஷிப்டில் மிஷினைப் பார்த்துக்கொண்டு நிற்கிற ஆளுக்கு இதெல்லாம் எங்கிருந்து வருகிறது என்பது எனக்குப் பெரிய புதிர்தான். மாரியாயி அக்காள் என்னிடம் சொன்னார்: "இந்தப் பொன்னாயி நல்லா அடிபட்ட பொம்பளைலா. ஆம்பளைக்கு இந்த அளவுக்குத் தெரியாது." நான் டம்ளரை எடுத்துக்கொண்டு சமையல் கட்டுக்குப் போய்விட்டேன். முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

அவர்கள் சும்மா இருப்பார்களா? புத்தகம் கடையில் கிடைக்கும், சரி. இன்னும் புத்தகமாகாத தாள் என் கைக்கு எப்படி வருகிறது என்று கேட்டார்கள். பொன்னாயி ஜோகூரில் இருக்கிற பெண், என் மகனுக்குத் தெரிந்தவள், அவன்தான் வாங்கி அனுப்புகிறான் என்று ஒரு பொய்யைச் சொன்னேன். சத்தியத்தைக் காப்பாற்ற ஒரு சின்னப் பொய் என்று நினைத்தேன். அது போய்ச் செய்த வேலையைக் கேள்.

கோமதி சனிக்கிழமை வந்தாள். செனாவாங் தொழிற்சாலையில் அவளுக்கு வேலை இல்லாத நாளெல்லாம் மோட்டார் சைக்கிளில் இங்கே வந்துவிடுகிறாள். ரிஜிஸ்தர் செய்து அரசாங்கக் கணக்கில் உன் பெண்டாட்டி ஆகிவிட்டாள். தாலி ஏற தை மாதம் ஆக வேண்டும். அதுவரை அவள் என்ன முறையில் உட்காருவது என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. விருந்தாளி மாதிரி நாற்காலியில் பாதி உட்காருகிறாள், மருமகள் மாதிரி எழுந்து டம்ளரைக் கழுவுகிறாள், கழுவிவிட்டு, கழுவியிருக்கலாமா என்று என்னைப் பார்க்கிறாள். நம் ஆட்களின் இந்த இரட்டைக் கல்யாணத்தைப் பற்றி நீ ஒரு கதை எழுதலாம். பாதி மந்திரம் போட்டு மீதியை மறந்துபோன சூனியக்காரி மாதிரி இருக்கிறது இந்த ஆறேழு மாதம்.

அவள் வந்தபோது நான் மூன்றாவது கதையில், அந்தத் தவளைக் கதையின் கடைசித் தாளில் இருந்தேன். மோட்டார் சத்தம் கேட்டதும் தாளை மடித்துத் தலையணைக்கடியில் வைக்கப் போனேன். மாரியாயி அக்காள் விடவில்லை. "எதுக்குப் பதுக்குற? மருமவளும் கேக்கட்டும். அவ என்ன சின்னப் புள்ளையா?" என்றார். கோமதி முதல் தடவையாக நாற்காலியை விட்டுத் தரையில் உட்கார்ந்து, "படிங்க அத்தை" என்றாள். அவளுக்காக முதலிலிருந்து படிக்க வேண்டியதாயிற்று. செவந்தியின் பித்தளைக் குடம் கிணற்றில் விழுகிறது. தவளை மேலே வந்து, குடத்தை எடுத்துக் கொடுத்தால் ஒரே தட்டில் சாப்பாடு போட வேண்டும் என்று கேட்கிறது. சரி என்று சொல்லிவிட்டு அவள் ஓடிவிடுகிறாள். சாயங்காலம் அது லயத்து வீட்டுக் கதவைத் தட்டுகிறது. அப்பா கங்காணி, கொடுத்த வாக்கை மீறாதவர். தவளைக்கு இலை போடுகிறார். தவளை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "ரசத்துல உப்பு கம்மி" என்கிறது. அங்கேதான் கோமதிக்குச் சிரிப்பு வந்தது. மெதுவாக வரவில்லை, மகனே. டீ மூக்கில் ஏறி, புரையேறி, தெரேசா அக்காள் தலையில் தட்ட வேண்டியதாயிற்று. கங்காணி அந்தத் தவளையை ரப்பர் ஷீட் ஏற்றுகிற வண்டியில் போட்டுச் சிரம்பானுக்கு அனுப்ப, அது மறுநாள் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு திரும்பி வந்து, "வெறுங்கையோட வர்றது மரியாதை இல்ல பாருங்க, மாமா" என்று சொல்கிற இடத்தில் அவள் சுவரில் சாய்ந்துவிட்டாள். அந்தப் பெண்ணுக்கு இவ்வளவு பெரிய சிரிப்பு இருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது. உனக்குத் தெரியுமா?

அதன் பிறகு கிணற்றடி. விடியற்காலை. தவளை தொண்டையைச் செருமுகிறது. "செவந்தி, நான் யாருன்னு இன்னிக்குச் சொல்லிடறேன்" என்கிறது. அதோடு தாள் முடிந்துவிட்டது. நான் திருப்பிக் காட்டினேன். பின்னால் வெள்ளை.

"மீதி எங்க அத்தை?" என்றாள்.

"வரல."

"அந்த வெளியூருக் கதையில தவளை ராசாவா மாறிடுமாம். இவ மகன் சொல்லியிருக்கான்" என்றார் மாரியாயி அக்காள்.

"ஐயோ, மாற வேணாம்" என்றாள் கோமதி. "ராசான்னா சிங்காசனத்துல உம்முன்னு உக்காந்திருப்பான். உப்பு கம்மின்னு சொல்வானா? வாழைப்பழம் வாங்கிட்டு வருவானா?"

"அதுக்காகத் தவளையோடயா குடித்தனம் பண்றது? மழைக்காலத்துல சத்தம் தாங்காதுலா."

"எங்க பாதர் ஒத்துக்க மாட்டாரு" என்றார் தெரேசா அக்காள்.

"பேசட்டும் அக்கா, பரவால்ல. பேசாத ஆளுக்குப் பேசுற தவளை மேல்" என்றாள் கோமதி. சொல்லிவிட்டுத் தாளை என் கையிலிருந்து வாங்கித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "யாரு எழுதினது?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் மாரியாயி அக்காள் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டார். "பொன்னாயின்னு ஒருத்தி. ஜோகூர்ல இருக்கா. ஓம் புருஷனுக்கு ரொம்ப வேண்டியவ. அவ எழுத எழுத அவன் வாங்கி அம்மாவுக்கு அனுப்புறான். கையில கெடச்சா அந்தப் பொண்ணு வாய்க்குச் சீனி போடணும்."

கோமதியின் முகத்தில் இருந்த சிரிப்பு இறங்கிப் போனதை நான் பார்த்தேன். அடுப்பைத் தணித்தால் பொங்கிக்கொண்டிருந்த பால் உட்கார்ந்துவிடும் பார், அந்த மாதிரி. "அப்படியா" என்று மட்டும் சொன்னாள்.

அவர்கள் இருவரும் போன பிறகு டம்ளரைக் கழுவ அவள் சமையல் கட்டுக்கு வந்தாள். ஒரே டம்ளரைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். "அத்தை, ஒண்ணு கேக்கலாமா?" என்றாள். "அவரு எனக்குப் போன் பண்ணுவாரு. சாப்டியான்னு கேப்பாரு. மோட்டாருக்கு எண்ணெய் ஊத்தினியான்னு கேப்பாரு. சரி வைக்கிறேன்னு வெச்சிடுவாரு. நல்ல மனுஷன், நான் கொற சொல்லல. ஆனா ஒரு நாளும் என்னைச் சிரிக்க வெச்சதில்ல, அவரும் சிரிச்சதில்ல. அந்தப் பொண்ணு எழுதுறதுன்னா மட்டும் வேல மெனக்கெட்டு அச்செடுத்து அம்மாவுக்கு அனுப்புறாரு. எங்கிட்ட அப்படி ஒருத்தி இருக்கான்னுகூடச் சொல்லல."

நான் அவசரப்பட்டு, "அட, அவங்க வயசானவங்க, செத்துப் பல வருஷம் ஆச்சு" என்று சொல்லிவிட்டேன். உன் அப்பாயியை நினைத்துக்கொண்டு உண்மையைத்தான் சொன்னேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "செத்தவங்க எப்படி அத்தை இப்ப கதை எழுதுவாங்க?" என்றாள். அவள் கழுவி வைத்த டம்ளரையே எடுத்து நான் மறுபடி கழுவ ஆரம்பித்தேன். அத்தையும் சேர்ந்து மறைக்கிறாள் என்று அவள் முடிவுகட்டிவிட்டாள். அவள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

கையைத் துடைத்துக்கொண்டு, அழாமல், ரொம்ப நிதானமாகச் சொன்னாள்: "அவரக் கட்டாயப்படுத்தி ரிஜிஸ்தருக்குக் கூட்டிட்டு வந்தீங்களான்னு எனக்குத் தெரியாது. அந்தப் பொண்ணத்தான் புடிச்சிருக்குன்னா இப்பவே சொல்லிடச் சொல்லுங்க. ரிஜிஸ்தர ரத்து பண்ணிக்கலாம். தாலி இன்னும் ஏறலைல்ல." அடுத்த சனிக்கிழமை அவள் அப்பா கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுக்கப் போகிறாராம். அதற்கு முன்னால் ஒரு பதில் வேண்டும் என்றாள். தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். படியில் இறங்கும்போதுகூட, "வர்றேன் அத்தை" என்று சொல்ல மறக்கவில்லை. அது எனக்கு இன்னும் வலித்தது.

பார்த்தாயா? அந்தப் பெண் உன்னைப் பார்த்தே பொறாமைப்படுகிறாள். உன் சிரிப்பை எடுத்து இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டு, மோட்டார் எண்ணெயை மட்டும் அவளுக்குக் கொடுத்திருக்கிறாய். இப்படி ஒரு கூத்தை நீ கதையில் எழுதியிருந்தால் நாங்கள் மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்திருப்போம். நம் வீட்டில் நடக்கிறது, எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீ ஏன் மறைக்கிறாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. முதல் புத்தகம் வந்தபோது உன் தொழிற்சாலையில் ஒருவன் அதைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த மாதிரி ராஜகுமாரிக் கதை எழுதுகிறவள் எப்படி இருப்பாள் என்று கேலி பேசினானாம், எல்லோரும் சிரித்தார்களாம், நீயும் கூடச் சேர்ந்து சிரித்தாயாம். அன்றைக்கு என்னிடம் சொன்னாய், "ஆம்பள எழுதுற கதையாம்மா இது?" என்று. போன மாதம் ஏன் அடுத்த அதிகாரம் வரவில்லை என்று கேட்டதற்கும், "கல்யாணம் ஆகப் போற நேரத்துல இது எதுக்கும்மா, நிறுத்திட்டேன்" என்றாய். பெண்டாட்டி கேட்டால் அவமானமாக நினைப்பாள் என்று நீயாக ஒரு முடிவு. அவளைக் கேட்டாயா? இல்லை. அவளுடைய முகத்தில் நீயே எழுதி நீயே படித்துக்கொண்டாய்.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். உன் அப்பாவை நீ கலகலப்பானவராகத்தான் பார்த்திருக்கிறாய். எனக்கு வாய்த்தபோது அவர் அப்படி இல்லை. நான் வேறு தோட்டத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். அவர் லாரி ஓட்டிவிட்டு வருவார், குளிப்பார், சாப்பிடுவார், "போதும்" என்பார். அந்த ஒரு சொல்தான் அன்றைக்கு எனக்குக் கிடைக்கும். நல்லவர்தான், என்னை ஒரு சொல் கடிந்ததில்லை. ஆனால் ஒரு கம்பத்தைக் கட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. அம்மா வீட்டுக்குப் போனால், "மாப்பிள்ளை எப்படி?" என்பார்கள். "நல்லா சாப்பிடுவாரு" என்பேன். வேறு என்ன சொல்ல?

இரண்டு திருவிழா போனது. மூன்றாவது ஆடித் திருவிழாவுக்கு நம் தோட்டத்து ஆட்கள் நாடகம் போட்டார்கள். அந்தக் காலத்தில் பெண்கள் மேடை ஏற மாட்டார்கள், பெண் வேஷத்தையும் ஆண்கள்தான் கட்டுவார்கள். உனக்குத்தான் தெரியுமே. ராணிக்கு ஒரு தோழி வந்தாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, ராஜாவைப் பார்த்து, "மகாராஜா, போருக்குப் போறது இருக்கட்டும், தண்ணி எடுத்துட்டு வந்தீங்களா?" என்று ஒரு போடு போட்டாள் பார். களமே அதிர்ந்தது. எனக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டது. அழுதுகொண்டே சிரித்தேன். பக்கத்தில் இருந்த உன் அத்தையிடம், "யாருக்கா அந்தத் தோழி, எந்தத் தோட்டத்து ஆளு?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஏன்டி, ஒனக்குத் தெரியாதா? ஓம் புருஷன்டி" என்றார்.

கல்யாணம் பேசும்போது உன் அப்பாயிதான் சொல்லிவிட்டார்களாம், பொம்பளை வேஷம் கட்டுகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள், அதை விட்டுவிடு, வாயையும் அடக்கி வை என்று. அவர் இரண்டையும் அடக்கி வைத்துவிட்டார். அந்த வருஷம் தோழி வேஷக்காரருக்குக் காய்ச்சல் வந்து, கடைசி நேரத்தில் இவரை மேடை ஏற்றியதால்தான் எனக்கு என் புருஷன் யார் என்று தெரிந்தது. வீட்டுக்கு வந்து முகத்தில் இருந்த அரிதாரத்தைத் தேங்காய் எண்ணெய் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் கேட்டேன்: "தோட்டத்துக்கே சிரிப்பக் குடுக்கத் தெரியுது, எனக்கு மட்டும் ஏன் ஊமையக் கொண்டாந்து குடுத்தீங்க?" அவர் துடைத்த துணியைக் கீழே வைத்துவிட்டு அந்தத் தோழியின் குரலிலேயே, "மகாராணி, தண்ணி எடுத்துட்டு வரட்டுமா?" என்றார். அன்றைக்குத்தான் எனக்குக் கல்யாணம் ஆனது என்று நான் கணக்கு வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் போன நாட்களை இப்போது நினைத்தாலும் எனக்குக் கோபம்தான் வருகிறது. மேலுலகத்தில் அவர் காத்திருந்தால் அங்கேயும் போய்க் கேட்பேன்.

அந்தக் குரலை அவர் சாகும்வரை வைத்திருந்தார். உன் கதையில் வருகிற கங்காணியும் தவளையும் பேசுகிற தோரணையைப் படித்தபோது எனக்கு அவருடைய குரல் கேட்டது. உனக்கு எங்கிருந்து வருகிறது என்று மேலே கேட்டேனே, எழுதி வருகிறபோதே பாதி விடை எனக்குக் கிடைத்துவிட்டது. மீதியை நீதான் சொல்ல வேண்டும்.

இப்போது எனக்குத் தெரிய வேண்டியது நிறைய இருக்கிறது. தவளை என்ன ஆகிறது? ராஜாவாக மாறுகிறதா, கோமதி சொன்ன மாதிரி தவளையாகவே இருக்கிறதா? உண்மையைச் சொன்னால் செவந்தி கோபித்துக்கொள்வாளா? ஏமாற்றிவிட்டாய் என்பாளா, இல்லை, எனக்கு முன்னமே தெரியும் என்பாளா? கங்காணி கதவைத் திறப்பாரா? "நான் யாருன்னு சொல்லிடறேன்" என்று அதன் வாயைத் திறக்க வைத்துவிட்டு ஏன் பேனாவை மூடினாய்? அந்த இடத்தில்தான் நின்றது என்பதை நீ கவனித்தாயா? எனக்கு அஞ்சாவது படிப்புதான். ஆனாலும் எதிரில் இருக்கிற கதையைப் படிக்கத் தெரியும்.

நான் சத்தியத்தை மீறவில்லை. மீறவும் மாட்டேன். மாரியம்மனுக்கும் எனக்கும் நீண்ட நாள் பழக்கம், அதைக் கெடுத்துக்கொள்ள முடியாது. ஆகையால் இது நீ செய்ய வேண்டிய வேலை. போனில் வேண்டாம். போனில் நீ சாப்பிட்டாயா, எண்ணெய் ஊற்றினாயா என்றுதான் பேசுவாய், வாய் அந்தத் தடத்திலேயே போகும். ஷிப்டை யாரிடமாவது மாற்றிக்கொண்டு வெள்ளிக்கிழமை பஸ் ஏறு. சனிக்கிழமை அவள் அப்பா அச்சகத்துக்குக் கிளம்புவதற்கு முன்னால் அவள் வீட்டுக்குப் போ. நீ எழுதாமல் விட்ட அந்த அதிகாரத்தை எழுதிக் கையில் எடுத்துக்கொண்டு போ. "பொன்னாயி யாருன்னு கேட்டியாமே" என்று சொல்லிவிட்டுப் படி. விளக்கம் சொல்லாதே, மன்னிப்புக் கேட்டு நீட்டாதே, படி. தவளைக்குத் தவளைக் குரல், கங்காணிக்குக் கங்காணிக் குரல், உன் அப்பா பேசுவாரே, அப்படி. அவள் கோபித்துக்கொள்ளலாம். இவ்வளவு நாள் என்னை முட்டாளாக்கினாயா என்று கேட்கலாம். கேட்கட்டும், அதைக் கேட்க அவளுக்கு உரிமை இருக்கிறது. ரத்துதான் வேண்டும் என்றாலும், அவள் ரத்து செய்கிற ஆள் நீயாக இருக்க வேண்டும், எண்ணெய் விசாரிக்கிற அந்த ஆளாக இருக்கக்கூடாது. அதற்கு மேல் அவள் இஷ்டம்.

அவள் என்ன சொன்னாள் என்று எனக்குப் போன் பண்ணாதே. மாரியாயி அக்காள் எப்போதும் என் பக்கத்தில்தான் இருக்கிறார், என் முகத்தைப் பார்த்தே எல்லாவற்றையும் பிடுங்கிவிடுவார். எனக்கு ஒன்றே ஒன்று போதும். நீங்கள் இருவரும் ரிஜிஸ்தர் அன்றைக்கு எடுத்த படத்தில் அடையாள அட்டைக்கு நிற்கிற மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கிறீர்கள், அதை அலமாரியில் வைக்கவே எனக்கு மனமில்லை. நீ படித்து முடித்ததும் யாரையாவது கூப்பிட்டு ஒரு புதுப் படம் எடுக்கச் சொல். அவள் வாய் எப்படி இருக்கிறது என்று பார்த்தால் எனக்குக் கதை முடிந்த விதம் தெரிந்துவிடும். கைப்பேசியில் அனுப்பாதே, அந்தச் சின்னக் கண்ணாடியில் எனக்குப் பல் எது உதடு எது என்று தெரிவதில்லை. கடையில் கொடுத்துத் தாளில் எடுத்து, பெரிதாக, இருவரும் தெரிகிற மாதிரி, தபாலில் போடு.